மூன்று மாத்திரை, நான்கு நாள் விடுமுறை

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மதுரைப் பெண் ஒருத்தி, தைராய்டு மாத்திரைக்கு மாதாமாதம் காசு கட்டி வாங்குவதாகப் பேச்சுவாக்கில் சொன்னாள். இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடமாகிறதாம், மூன்று வருடமாகவும் கட்டுகிறாளாம். எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. அவள் ஒரு பென்னி கூடக் கட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு படிவம் நிரப்பினால் போதும். அதை அவளிடம் கிளினிக்கிலும் யாரும் சொல்லவில்லை, ஃபார்மசியிலும் யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லாமல் விட்டார்கள். எனக்குப் பணம் மட்டும் போகவில்லை, 2025 ஈஸ்டர் சமயத்தில் நான்கு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எழுதிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மாதாமாதம் மாத்திரை வாங்குகிற யாராவது படித்தால் உதவும்.

எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. பதினைந்து வயதில் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று துள்ளும், கையில் இருப்பது எகிறி விழும். தூக்கம் கெட்டால் அதிகமாகும். இரண்டு முறை முழு வலிப்பே வந்து நினைவில்லாமல் விழுந்திருக்கிறேன். அதற்கு லெவிடிரசிட்டாம் என்ற மாத்திரை, 750 மில்லிகிராம், காலையில் ஒன்று இரவில் ஒன்று. அதை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து ஏழு வருடமாக ஒன்றும் இல்லை. திருச்சியில் எங்கள் வீட்டில் இந்த நோயைப் பற்றி வெளியே பேசுவதில்லை. "கல்யாணம் ஆகிற வரைக்கும் வாயைத் திறக்காதே பாப்பா" என்பார் அம்மா. வலிப்பு என்பதைத் திருமணத்தைத் தடுக்கும் காரணமாகச் சொன்ன வரியை நம் நாட்டுச் சட்டத்திலிருந்து 1999லேயே எடுத்துவிட்டார்கள். எங்கள் கூடத்துப் பேச்சிலிருந்து இன்னும் யாரும் எடுக்கவில்லை. அதனால் கவென்ட்ரிக்கு வேலைக்கு வந்தபோதும் வாயை மூடிக்கொண்டே வந்தேன். வீட்டு உரிமையாளருக்கும் சொல்லவில்லை, கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால் தெரிந்தது.

2024 மே மாதம் வந்தேன். மூன்று மாதத்துக்கு மாத்திரை கொண்டு வந்திருந்தேன். இங்கே ஜிபி என்கிற குடும்ப டாக்டர் இருக்கும் இடத்துக்குப் பெயர் சர்ஜரி. முதல் தடவை அம்மாவிடம் போனில் "நாளைக்கு சர்ஜரிக்குப் போறேன்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை, அப்புறம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. ஆபரேஷன் இல்லை, இங்கே கிளினிக்குக்கு அதுதான் பெயர் என்று புரியவைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்த சர்ஜரியில் பதிவு செய்வதையே நான் ஜூலை வரை தள்ளிப்போட்டேன். வீட்டு வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இல்லாததால் முகவரிச் சான்று கேட்பார்களே என்று பயம். உண்மையில் பதிவு செய்ய முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயம் இல்லை. இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்பதுதான் இங்கே விதி. வந்த முதல் வாரமே பதிவு செய்துவிடுங்கள். ஊர் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். அதில் லெவிபில், தைரோநார்ம் என்று பிராண்ட் பெயர் மட்டும் எழுதியிருந்தால் இங்கே பலருக்குப் புரியாது. மருந்தின் பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், நாளைக்கு எத்தனை வேளை என்று இருக்க வேண்டும். என் கடிதத்தில் அது இருந்ததால் முதல் அப்பாயின்ட்மென்டிலேயே மருந்தைத் தொடர ஒப்புக்கொண்டார்கள். கூடவே ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராமும் சேர்த்தார்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடும் இளம் பெண்களுக்கு அதையும் கொடுப்பது இங்கே வழக்கம்.

இப்படித் தொடர்ந்து வாங்க வேண்டிய மருந்துகளை 'ரிப்பீட்' பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். நான் என்ன நினைத்தேன் என்றால், ஒரு தடவை ஏற்றிவிட்டால் மாதாமாதம் அதுவாக வந்துவிடும் என்று. அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் நாம்தான் கேட்க வேண்டும். என்எச்எஸ் என்கிற இங்கத்திய அரசு மருத்துவச் சேவையின் ஆப்பில் கேட்கலாம், அல்லது ப்ரிஸ்கிரிப்ஷனோடு வரும் துண்டுச் சீட்டில் வேண்டியதை டிக் செய்து சர்ஜரி வாசலில் இருக்கும் பெட்டியில் போடலாம். போனில் சொன்னால் பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மருந்து மாறிவிடும் என்ற பயம். கேட்ட பிறகு டாக்டரோ சர்ஜரியில் இருக்கும் ஃபார்மசிஸ்டோ பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வேலை நாள். ஒப்புதல் ஆனதும் அது கம்ப்யூட்டர் வழியாக நாம் பெயர் கொடுத்து வைத்திருக்கும் ஃபார்மசிக்குப் போகும். அங்கே மருந்தை எடுத்து, பையில் போட்டு, பெயர் ஒட்டி வைக்க இன்னும் ஓரிரு நாள். திருச்சியில் எங்கள் தெரு மெடிக்கலில் காலி அட்டையைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார், கையில் காசில்லை என்றால் அப்புறம் கொடும்மா என்பார். அப்படி நடப்பது சரியா தவறா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, மாத்திரை என்பது நான்கு கை மாறி வரும் ஒரு பொருள் என்பதே மனதில் ஏறவில்லை.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கே சுகாதாரக் கட்டணம் என்று வருடத்துக்கு 1,035 பவுண்டு வீதம் மூன்று வருடத்துக்கு 3,105 பவுண்டு வாங்கிவிட்டார்கள். மருந்தும் அதில் அடக்கம் என்று நினைத்தேன். அடக்கம் இல்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு மருந்துக்கும், எத்தனை மாத்திரை என்று கணக்கில்லாமல், ஒரு தடவைக்கு 9.90 பவுண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இந்தக் கட்டணமே கிடையாது. எனக்கு 28 நாளைக்கு ஒரு முறை இரண்டு மருந்து, 19.80. ஆகஸ்ட் 2024 முதல் மார்ச் 2025 வரை ஒன்பது தடவை. கவுன்ட்டரில் "பணம் கட்டுகிறீர்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று கார்டை நீட்டுவேன். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதிலும் உண்டு என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 29ஆம் தேதி வீடு மாறினேன். அதுவரை ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில் மாடி அறையில் இருந்தேன். ஆபீசுக்குப் பக்கம் என்று ஊரின் மறுகோடிக்குப் போனேன். சர்ஜரியில் புது முகவரி கொடுத்தேன், வங்கியில் மாற்றினேன், எல்லாம் மாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். ஏப்ரல் 10, வியாழக்கிழமை ஆப்பில் மாத்திரை கேட்டேன். கையில் எட்டு நாளைக்கு மேல் இருந்தது. அடுத்த வாரம் வெள்ளி, அதாவது 18ஆம் தேதி, புனித வெள்ளி. 21 ஈஸ்டர் திங்கள். சர்ஜரி நான்கு நாள் மூடியிருக்கும் என்று தெரியும், அதற்கு முன்னால் வந்துவிடும் என்று நம்பினேன்.

14ஆம் தேதி சர்ஜரியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. உங்கள் மெடிகேஷன் ரிவ்யூ காலம் கடந்துவிட்டது, தொடர்புகொள்ளவும் என்று. ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அடிக்கடி வரும் செய்திகளைப் போல இதுவும் ஒன்று என்று நினைத்து விட்டுவிட்டேன். அதற்கு அர்த்தம் வேறு. இந்த மருந்து உங்களுக்கு இன்னும் சரியாக இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது பேசிப் பார்க்க வேண்டும். அந்தத் தேதி கடந்துவிட்டால் ரிப்பீட்டை நிறுத்தி வைப்பார்கள். என் தேதி ஒன்றும் ரகசியமாக இல்லை, துண்டுச் சீட்டின் கீழே சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்தச் சீட்டை நான் ஒரு நாளும் படித்ததில்லை. உங்களிடம் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் நீங்களாகவே கூப்பிட்டு நேரம் வாங்கிவிடுங்கள். தைராய்டு, சர்க்கரை மாத்திரை என்றால் ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள், அதற்கு நேரம் கிடைக்கவே சில சமயம் இரண்டு வாரம் ஆகும்.

புதன்கிழமை வரை ஆப்பில் ஒரு அசைவும் இல்லை. காலை 8 மணிக்கு போன் செய்தேன், வரிசையில் 23ஆவது ஆள் என்றது. நாற்பது நிமிடம் காத்திருந்து பேசினால், ரிவ்யூ முடியாததால் நிறுத்தியிருக்கிறார்கள், நாளை 11 மணிக்கு ஃபார்மசிஸ்ட் போனில் பேசுவார் என்றார் ரிசெப்ஷனிஸ்ட். வியாழன் அதேபோல் பேசினார், நல்ல மனிதர், பத்து நிமிடத்தில் முடித்தார். "அனுப்பிவிட்டேன், உங்கள் ஃபார்மசியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். நானும் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் மீதிக் கதையே இல்லை. எந்த ஃபார்மசிக்கு அனுப்பினீர்கள்? அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறரை மணிக்குப் புது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபார்மசிக்குப் போனேன். உங்கள் பெயரில் ஒன்றும் வரவில்லை, சில நேரம் தாமதமாகும், சனிக்கிழமை காலை வந்து பாருங்கள் என்றார்கள். சர்ஜரியைக் கூப்பிட்டேன், ஆறரைக்கு மூடிவிடுவதால் வெறும் பதிவுக் குரல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து மேஜையில் கொட்டினேன். மூன்று மாத்திரை.

அன்றைக்கு இரவு சாப்பிட வேண்டியது ஒன்று, வெள்ளிக்கிழமை இரண்டு. அதோடு தீர்ந்தது. நான் என்ன செய்தேன் என்றால், இரவு மட்டும் ஒன்று சாப்பிட்டால் சனிக்கிழமை இரவு வரை வரும் என்று கணக்குப் போட்டேன். இதை நான் செய்திருக்கவே கூடாது. வலிப்பு மாத்திரையை நாமாக அரை டோஸ் ஆக்குவது ஆபத்தானது. பழக்கப்பட்ட அளவு உடம்பில் சட்டென்று குறைந்தால் அடங்கியிருந்தது திரும்ப எழும். எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஆனால் யாரிடமும் கேட்க முடியாத நிலையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, கையில் இருப்பதை நீட்டுவது ஒன்றுதான் நம் கையில் இருப்பதுபோலத் தோன்றிவிடுகிறது. வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டை விட்டு வெளியே போகவில்லை. குளிக்கும்போது கதவைத் தாழ் போடவில்லை. தாழ் போடாவிட்டாலும் வந்து பார்க்க யாரும் இல்லை என்பது தலையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் உறைத்தது. இரவு பயத்தில் தூக்கம் வரவில்லை. தூக்கம் கெட்டால் வரும் என்று தெரியும், அதனால் இன்னும் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டீ போட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர். ஆற்றி, முதல் வாய் குடிக்கத் தூக்கினேன். வலது தோளிலிருந்து விரல் வரை ஒரு சொடுக்கு. அரை நொடி கூட இருக்காது. டம்ளர் எகிறி எதிர்ச் சுவரில் அடித்து, தரையில் கிணுகிணுவென்று சுற்றி நின்றது. டீ என் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது, சுடுகிறது என்று புரியவே சற்று நேரம் ஆனது. அடுத்து இன்னொரு சொடுக்கு வருமா என்று இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். விழுந்தால் தலை அடிபடாமல் இருக்கட்டும் என்றுதான் தரையில் உட்கார்ந்தேன். ஏழு வருடம் கழித்து அது திரும்ப வந்திருக்கிறது, நான் ஐயாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் ஒரு அறையில் இருக்கிறேன், அம்மாவிடம் சொல்லவும் முடியாது. சத்தம் போட்டு அழுதேன்.

ஒன்பதரைக்கு ஃபார்மசிக்குப் போனேன். இன்னும் வரவில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து ஆப்பை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் கண்ணில் பட்டது. 'உங்கள் நாமினேட்டட் ஃபார்மசி' என்று ஒரு வரி. அதன் கீழே அக்கா வீட்டுத் தெருமுனைக் கடையின் பெயர். சர்ஜரியில் முகவரி மாற்றினால் ஃபார்மசி மாறாது, அது தனி. மாத்திரை கேட்கும்போது கடைசித் திரையில் அந்தப் பெயர் இருந்திருக்கிறது, நான் பார்க்காமலேயே அழுத்தியிருக்கிறேன். என் ப்ரிஸ்கிரிப்ஷன் வியாழக்கிழமையே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு கடை அதை இறக்கிக்கொண்டுவிட்டால், அவர்கள் திருப்பி விடும் வரை இன்னொரு கடையால் எடுக்க முடியாது. அதனால்தான் புதுக் கடையில் ஒன்றும் வரவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை.

பஸ் பிடித்து ஓடினேன். ஒன்று இருபதுக்குப் போய் இறங்கினேன். சனிக்கிழமை ஒரு மணி வரைதான், அடுத்து செவ்வாய்க்கிழமை என்று கதவில் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தால் கவுன்ட்டருக்குப் பின்னால் அலமாரி தெரிந்தது. வெள்ளைக் காகிதப் பைகள், எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தன. அதில் ஒன்று என்னுடையது.

அக்கா வீடு அங்கிருந்து நான்காவது கதவு. போகவில்லை. என்ன மாத்திரை என்று கேட்டால் என்ன சொல்வது? வீட்டுக்குத் திரும்பி, இரவு எட்டு மணிக்குமேல் வேறு வழியில்லாமல் போனில் கூப்பிட்டேன். பிரஷர் மாத்திரை முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். "ஏன் பிள்ளை இவ்வளவு நேரமும் சும்மா இருந்தனீர்? 111க்கு அடிச்சுச் சொல்லும், அவை பாத்துச் செய்வினம்" என்றார். ஆம்புலன்சைக் கூப்பிடும் 999 எனக்குத் தெரியும், 111 தெரியாது. அவசரம்தான், ஆனால் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்ற நிலைக்கு உரிய எண் அது. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் எடுத்த எடுப்பில் 'தமிழ் இன்டர்ப்ரெட்டர்' என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். மாத்திரை தீர்ந்துபோனவர்களுக்கு 111 இணையதளத்திலேயே தனி வழியும் இருக்கிறது.

கூப்பிட்டேன். ஆறேழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக "எனக்கு எபிலெப்ஸி" என்று ஒரு அந்நியரிடம் உரக்கச் சொன்னேன். அந்தப் பெண் பதறவில்லை, இரக்கப்படவும் இல்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எத்தனை மில்லிகிராம், கூட யாராவது இருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். வலிப்பு வந்து ஐந்து நிமிடத்துக்குமேல் நிற்காவிட்டால் 999ஐக் கூப்பிட யாரிடமாவது சொல்லி வையுங்கள் என்றார். மறுநாள் காலை 11 முதல் 1 வரை திறந்திருக்கும் ஒரு ஃபார்மசிக்கு என் விவரத்தை அனுப்பினார். ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய கடைகள் திறக்கவே கூடாது என்று இங்கே சட்டம், அதனால் சூப்பர்மார்க்கெட்டுக்குள் இருக்கும் ஃபார்மசிகளும் கிடையாது. முறை வைத்துச் சில சின்னக் கடைகள் இரண்டு மணி நேரம் திறக்கும். அன்று எங்கள் பக்கம் பஸ் சரியாக இல்லை. டாக்ஸிக்குப் போக 14, வர 14.

அந்தக் கடையில் இருந்த ஃபார்மசிஸ்ட் வயதானவர். என் பழைய டப்பாவை வாங்கி லேபிளைப் படித்தார், என் அனுமதி கேட்டுக் கம்ப்யூட்டரில் என் மருத்துவக் குறிப்பைப் பார்த்தார். காலி டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான், அந்த லேபிள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். தண்ணீரும் கொடுத்து, முதல் மாத்திரையை அங்கேயே போடச் சொன்னார். நீங்களாக ஒரு வேளை குறைத்ததை மறுபடி செய்யாதீர்கள், ஒரு வாரம் இருக்கும்போதே எந்த ஃபார்மசிக்காவது போய் நில்லுங்கள் என்றார். கட்டுப்பாட்டில் உள்ள சில மருந்துகளைத் தவிர, தொடர்ந்து சாப்பிடுகிற மருந்து என்று தெரிந்தால் அவசரத்துக்குக் கொஞ்சம் கொடுக்க ஃபார்மசிஸ்டுக்கே அதிகாரம் உண்டு. கொடுப்பதும் மறுப்பதும் அவருடைய முடிவு.

அப்புறம் காசுக்குக் கார்டை நீட்டினேன். அவர் இயந்திரத்தைத் தொடாமல் என்னைப் பார்த்தார். "இதற்கு ஏன் பணம் கட்டுகிறீர்கள்?" என்றார். ஒன்பது தடவை கட்டியிருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு ரசீதின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு பெயர் எழுதினார். எஃப்பி92ஏ. எஃப்பி57.

இதை நிதானமாகப் படியுங்கள், நம்மவர்கள் நிறையப் பேருக்குப் பொருந்தும். சில நோய்கள் இருந்தால் இங்கிலாந்தில் மருந்துக் கட்டணம் கிடையாது. தைராய்டு சுரப்பு குறைந்து அதற்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் மட்டும் இல்லாமல் மருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறவர்கள், தொடர்ந்து மாத்திரை சாப்பிடும் வலிப்பு நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் அந்தப் பட்டியலில் உண்டு. இன்னும் சில நோய்களும் உண்டு. அந்த நோய் மருந்துக்கு மட்டுமில்லை, அதன் பிறகு எழுதித் தரும் எல்லா மருந்துக்குமே கட்டணம் இல்லை. ஆனால் நோய் இருந்தால் மட்டும் போதாது, சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். சர்ஜரியில் எஃப்பி92ஏ என்று கேட்டு நிரப்பிக் கொடுத்தால் டாக்டர் தரப்பில் கையெழுத்திட்டு அனுப்புவார்கள். ஐந்து வருடத்துக்குச் செல்லும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னாலிருந்து கணக்கு. சான்றிதழ் வருவதற்குள் பணம் கட்ட நேர்ந்தால், கட்டும்போதே எஃப்பி57 என்ற ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் போய்க் கேட்டால் தர மாட்டார்கள். அது இருந்தால் மூன்று மாதத்துக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். சான்றிதழ் இல்லாமலேயே எனக்கு இலவசம் என்று டிக் செய்துவிடாதீர்கள், சரிபார்ப்பில் மாட்டினால் 100 பவுண்டு வரை அபராதம் வரும்.

ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், ஆஸ்துமா இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு முன்பணச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. நான் விசாரித்த சமயத்தில் 12 மாதத்துக்கு 114.50 பவுண்டு, மூன்று மாதத்துக்கு 32.05. 12 மாதத்துக்கானதைப் பத்துத் தவணையிலும் கட்டலாம். அதைக் கட்டிவிட்டால் அந்தக் காலத்தில் எத்தனை மருந்து வாங்கினாலும் வேறு கட்டணம் இல்லை. வருடத்துக்குப் பன்னிரண்டு மருந்து வாங்கினாலே அது லாபம். மாதம் மூன்று மருந்து வாங்குகிறவர்கள் இதை எடுக்காமல் இருந்தால் வருடத்துக்கு 200 பவுண்டுக்குமேல் வீணாகிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு எப்படியும் இலவசம். கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பெற்று ஒரு வருடம் வரைக்கும் தனிச் சான்றிதழ் உண்டு.

அந்த ஒன்பது தடவைக்கும் நான் கட்டிய 178.20 பவுண்டு போனது போனதுதான். ஒன்றுக்கும் எஃப்பி57 வாங்கவில்லை. டாக்ஸி 28. ஞாயிறு கட்டிய 9.90க்கு அவரே ரசீது கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுப் பழைய கடையில் அந்த வெள்ளைப் பையை வாங்கினேன், அங்கேயும் 19.80க்கு ரசீது கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் இழுப்பறையில் தேடித்தான் எடுத்தார், அவ்வளவு அபூர்வமாக யாராவது கேட்கிறார்கள் போல. இரண்டு வாரத்தில் சான்றிதழ் தபாலில் வந்தது, அந்த 29.70 மட்டும் திரும்பக் கிடைத்தது.

அன்றைக்கே ஆப்பில் ஃபார்மசியை மாற்றினேன், ஒரு நிமிட வேலை. இப்போது நான் மாத்திரை கேட்பது பத்து நாள் முன்னால். சில சர்ஜரிகளில் ஒரு வாரத்துக்குமேல் முன்னதாகக் கேட்டால் திருப்பிவிடுவார்கள், உங்கள் இடத்தில் என்ன வழக்கம் என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், மே, ஆகஸ்ட் பேங்க் ஹாலிடேக்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வெளியூர் போகிறேன், விடுமுறை வருகிறது என்று காரணம் சொன்னால் முன்கூட்டியே கொடுப்பார்கள், கேட்கும்போது குறிப்பில் எழுத வேண்டும். மாத்திரை வரவில்லை என்றால் "வரவில்லை" என்று புலம்புவதில் பயனில்லை. சர்ஜரியில் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒப்புதல் ஆகிவிட்டதா, எந்தத் தேதியில், எந்த ஃபார்மசிக்கு. ப்ரிஸ்கிரிப்ஷனுக்கு 18 எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளம் உண்டு, அதையும் குறித்துக்கொண்டால் ஃபார்மசியில் அது எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள். மருந்து இருப்பு இல்லாமல் பாதி மாத்திரை மட்டும் கொடுத்தால் மீதிக்கு 'ஓயிங்' சீட்டு வாங்காமல் வராதீர்கள். பையை அங்கேயே பிரித்துப் பாருங்கள். கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும், பயப்பட வேண்டாம், ஆனால் பெயரும் மில்லிகிராமும் அதேதானா என்று பார்த்துவிடுங்கள். சில வலிப்பு மருந்துகளில் கம்பெனியையே மாற்றக் கூடாது, அதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் ரிவ்யூ ஃபார்மசிஸ்டிடம் பேசி இன்னொரு வழிக்கு மாறினேன். மருந்து மாறாமல் நிலையாக இருப்பவர்களுக்கு ஒரு வருடம் வரை சேர்த்து ஒப்புதல் கொடுத்து, மாதாமாதம் ஃபார்மசியிலேயே வாங்கிக்கொள்ளும்படி செய்யலாம். எலெக்ட்ரானிக் ரிப்பீட் டிஸ்பென்சிங் என்று பெயர். கேட்டால்தான் செய்வார்கள், எல்லாருக்கும் எல்லா மருந்துக்கும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். எனக்குச் செய்தார்கள்.

அக்காவிடம் மே மாதம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். பிரஷர் இல்லை, வலிப்பு என்று. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் என் பழைய அறைச் சாவியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். புது வீட்டுச் சாவியில் ஒன்றைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். இப்போது தினமும் காலை ஏழரைக்கு அவருக்கு ஒரு மெசேஜ் போடுகிறேன். வராவிட்டால் எட்டு மணிக்குக் கூப்பிடுவார், எடுக்காவிட்டால் புறப்பட்டு வந்துவிடுவார். கேன்டீன் பெண்ணுக்கு அந்த ரசீதின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நேற்று சர்ஜரிக்குப் போய் எஃப்பி92ஏ வாங்கி வந்துவிட்டாள்.